ஸ்டாண்டர்டு ஹெரால்டும் டிங்கர் பட்டறையும்

பழைய கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்ய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எஞ்சினைத்தான் ஓடவிட்டுக் கேட்கின்றனர். ஆனால் சென்னைப் புதுப்பேட்டையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் உள்ள பட்டறைகளில் இவ்வேலை நடக்கும் முறையை அருகிருந்து கவனித்தால், வண்டி தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, தகடே என்பது விளங்கும். தேய்ந்த எஞ்சினுக்கு லேத் பட்டறையில் வழி உண்டு. உள்ளுக்குள் அரித்துப்போன பாடிக்கு டிங்கரின் கை ஒன்றே வழி. நசுங்கியும் கிழிந்தும் துருவேறியும் போன தகட்டைத் தட்டியும் வெட்டி ஒட்டியும் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் தொழிலாளியே டிங்கர் எனப்படுகிறார்.

அவரது வேலையின் நுட்பம் முழுவதையும் கேட்டு வாங்கும் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்து, இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என வெளிவந்த இந்தக் காரைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் பத்தாண்டுக் காலம் தயாரித்தது. 1968-இல் வந்த நான்கு கதவு வண்டி இந்தியாவுக்கென்றே உருவானது. அக்காலத்தில் பல கார்களில் சேசிஸும் பாடியும் பிரிக்க முடியாத ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேசிஸின் மேல் போல்ட்டால் முறுக்கிய பாடிப் பகுதிகளோடு வந்ததற்கு ஒரு வணிகக் காரணம் இருந்தது. பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கார் நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953-இல் வாங்கிக்கொண்டதால், சிறிய ஆலைகளில் தனித்தனியே அடித்துக் கொண்டுவந்து பூட்டக்கூடிய பாடியை இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் நாட வேண்டியதாயிற்று. அன்றைய நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடே இன்று வண்டியைக் கழற்றிப் புதுப்பிக்க உதவுகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலையைப் பார்க்க முடிகிறது.

வண்டியைப் பார்க்கச் செல்லும் அனுபவமிக்க டிங்கர் பெயின்டின் பளபளப்பைப் பொருட்படுத்துவதில்லை. கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் ஆகிய நீர் தேங்கும் இடங்களையே அவர் தடவிப் பார்க்கிறார். விரல் முட்டியால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் அங்கே இரும்பு இருக்கிறது, மந்தமாக ஒலித்தால் பட்டி இருக்கிறது. பட்டி என்பது பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கப் பூசும் பசை. அது தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது என்பதால், சிறு காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்போரும் உண்டு.

வாங்கிய வண்டியில் முதல் வேலை பழைய பெயின்டையும் பட்டியையும் சுரண்டித் தகட்டை வெறுமையாக்குவது. துரு தின்ற பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகட்டை, பெரும்பாலும் 20 கேஜ் எனப்படும் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை, டிங்கர் கையாலேயே அடித்து உருவாக்குகிறார். உள்பக்கம் டாலி எனப்படும் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் சுத்தியால் தட்டும்போது, டாலிக்கு நேர் மேலே விழும் அடி தகட்டை மெலிதாக்கி விரிக்கும், சற்று விலகி விழும் அடி மேட்டைத் தணித்துப் பள்ளத்தை எழுப்பும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் டாலி எங்கே நிற்கிறது என்பதைக் கை மட்டுமே அறிகிறது. அளவு மீறி விரிந்த தகட்டில் சிறு வட்டம் ஒன்றைக் கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத் துணியால் ஒற்றிச் சுருங்கவைக்கிறார்கள். வெல்டிங்கையும் தொடர்ச்சியாக இழுப்பதில்லை. சூட்டில் தகடு கோணிக்கொள்ளும் என்பதால் இங்கொரு புள்ளி, எட்டி அங்கொரு புள்ளி என வைத்து, ஆறவிட்டு, இடைவெளியைப் பிறகு நிரப்புகின்றனர்.

ஹெரால்டின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதற்குப் பின்னரே வருகிறது. பாடி பல துண்டுகளாக இருப்பதால், சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மெல்லிய தகட்டு வாஷர்களைக் கூட்டியும் குறைத்தும், பானெட், கதவு, டிக்கி ஆகியவற்றின் இடைவெளிகள் ஒரே சீராக வரும் வரை போல்ட்டுகளைத் தளர்த்தி முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தைச் சரிசெய்தால் இன்னோரிடம் விலகும். இந்த வேலைக்கு எடுக்கும் நாள்களை உரிமையாளர்கள் தாமதம் என்று கணக்கிடுவது முற்றிலும் தவறு.

எஞ்சின் வேலை ஒப்பீட்டளவில் வரையறைக்குட்பட்டது. 948 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் இடமில்லையெனில் ஸ்லீவ் எனப்படும் உட்குழாயை இறக்குவார்கள். புதுப்பேட்டைக் காயலான் கடைகளிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

அசல் வடிவைக் காப்பதற்குச் சட்டப் பயனும் உண்டு. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டைக் கடந்த கார்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் இடமளிக்கின்றன. எல்லா ஹெரால்டுகளும் இந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆயின் சேசிஸும் பாடிக் கூடும் எஞ்சினும் மாற்றியமைக்கப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எளிதில் கிடைக்கிறதென்று வேறு காரின் எஞ்சினைப் பொருத்தியவர்கள் இத்தகுதியை இழக்கின்றனர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு பொருந்துகின்றனவா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்க்கச் சொல்வது இதனாலும்தான்.

இத்தனை நுட்பமும் மூத்த டிங்கர்களின் கையில்தான் இருக்கிறது. இன்றைய கார்களில் நசுங்கிய கதவைத் தட்டியெடுப்பதைவிடக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவது வழக்கமாகிவிட்டதால், வளைவு அடிக்கக் கற்கும் இளைஞருக்குப் பழகும் வாய்ப்பே அரிதாகிவிட்டது. அதோடு, மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசி வேலை கொடுக்கும்போது, நான்கு நாள் தட்டவேண்டிய பள்ளத்தை ஒரு மணி நேரத்தில் பட்டியால் மூடும்படி உரிமையாளரே தொழிலாளியைத் தள்ளுகிறார். ஆகவே பழைய கார் வாங்க எண்ணுவோர், வண்டி பார்க்கப் போகும் நாளிலேயே ஒரு டிங்கரை அன்றைய கூலி கொடுத்து அழைத்துச் செல்லட்டும். வேலையை நாள் கூலிக்கே பேசி, பிரைமர் அடிக்கும் முன் வெறுந்தகட்டை நேரில் வந்து பார்க்கட்டும்.