அடுத்தவர் வயலில் ஒரு சம்பா

முதல் நாள் எனக்கு மண்வெட்டி கிடைக்கவில்லை. "வரப்போரமா நடந்து நண்டு வளை எங்கெங்க இருக்குன்னு பாத்து அடைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார் பண்ணைக்காரர். அரைநாள் குனிந்து குனிந்து நடந்து நான்கு வளைகளைக் கண்டுபிடித்து, களிமண் உருட்டி அடைத்தேன். சாயங்காலம் அவரும் கூட வந்தார். அதே வரப்பில் இன்னும் ஏழு வளைகளைக் காட்டினார். அவர் வளையைத் தேடவே இல்லை. வயலுக்குள் மிதக்கும் சருகும் நுரையும் காற்றில்லாத நேரத்திலும் ஒரு பக்கமாக மெல்ல நகர்வதைப் பார்த்தார். அது போய் நிற்கும் இடத்தில் காலை வைத்தார். அங்கே வளை இருந்தது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரியின் கடைமடை. 2022 ஜூன் மாதம். வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் மேட்டூர் அணை அந்த ஆண்டு மே 24ஆம் தேதியே திறந்திருந்ததால், எங்கள் வாய்க்காலுக்கும் முன்கூட்டியே தண்ணீர் வந்திருந்தது. சென்னையில் எட்டு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஓர் இயற்கை வேளாண் பண்ணையில் ஒரு முழு ஆண்டு வேலை செய்வது என்று வந்திருந்தேன். தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சோறு, கூலி கிடையாது என்பது பேச்சு.

வரும்போது கையில் ஒரு நோட்டு இருந்தது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தபின்தான் நான் அவரைப் படிக்கத் தொடங்கினேன். பயிற்சி முகாம்களுக்கும் போனேன். அமிர்தக் கரைசலுக்குச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் கால் கிலோ, தண்ணீர் 200 லிட்டர். பஞ்சகவ்யா தெளிக்கப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. எல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தேன். எழுதியதில் தப்பொன்றும் இல்லை, இன்றும் அதே அளவில்தான் கலக்கிறேன். ஆனால் அந்தப் பண்ணையில் கரைசல் கலக்கும் வேலை மாதத்தில் இரண்டோ மூன்றோ நாள். மற்ற நாளெல்லாம் தண்ணீரும் களையும்தான்.

ஆவணியில் நாற்றங்கால் போட்டோம். மாப்பிள்ளைச் சம்பா, 160 நாள் வயது. தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்தோம். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மேலே வந்துவிடும்; திரண்ட மணி அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் அலசி, ஊறவைத்து, சாக்கில் மூட்டம் போட்டோம். அடுத்த நாள் சாக்கைப் பிரித்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு. ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி முளைத்திருந்தது.

விதைத்த அன்று இரவு பண்ணைக்காரர், "மேக்கால மின்னுது, வடிமடையத் தொறந்து விட்டுட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் நாற்றங்காலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முளைவிட்ட விதையில் பாதிக்கு மேல் ஈசான்ய மூலையில் நுரையோடு ஒதுங்கிக் குவிந்து கிடந்தது. பண்ணைக்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது.

அந்த விதை கடையில் வாங்கியதல்ல. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் இரண்டு கிலோ வாங்கி, அதிலிருந்து பெருக்கி வந்த விதை. அங்கே இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும். 170க்கும் மேற்பட்ட மரபு நெல் ரகங்கள் அப்படித்தான் மறுபடியும் வயலுக்கு வந்தன. பக்கத்து ஊரில் ஒரு விவசாயி அதே கணக்கில் எனக்கு இரண்டு கிலோ கொடுத்தார். முதல் விதைப்புக்கும் இரண்டாம் விதைப்புக்கும் இடையில் பதினைந்து நாள் ஆகிவிட்டது.

பதினைந்து நாள்தானே, பதினைந்து நாள் பிந்தி அறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளைச் சம்பா அப்படி நினைக்கவில்லை. பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கும் நெல் அது. எப்போது விதைத்தாலும் அதற்கென்று உள்ள காலத்தில்தான் பூட்டை விடும். பிந்தி விதைத்தால் தூர் கட்டும் நாள்தான் குறையும். மார்கழியில் அடுத்தடுத்த இரண்டு வயல்களும் சில நாள் வித்தியாசத்தில் கதிர் தள்ளின. தப்பிப் பிழைத்த முதல் நாற்றை நட்ட வயலில் ஒரு தூரைப் பிரித்து எண்ணினேன். இருபத்துநான்கு கிளைப்பு. வரப்பைத் தாண்டி இறங்கி மற்ற வயலில் எண்ணினேன். பதினொன்று. மீண்டும் எண்ணினேன், வேறு தூர்களையும் எண்ணினேன். நான் தூங்கிய ஒரு ராத்திரி அங்கே நான்கு மாதம் கழித்து நின்றுகொண்டிருந்தது. என் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலமாக இருந்திருந்தால், காரணம் தெரியாமல் மண்ணையோ விதையையோ குறை சொல்லியிருப்பேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு வயலும், கேட்டால் சொல்ல ஓர் ஆளும் இருந்ததால் எனக்குப் புரிந்தது.

வேலையை விட்ட கையோடு நிலம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆண்டு வேலி, இரண்டாம் ஆண்டு போர்வெல், மூன்றாம் ஆண்டு விற்பனைக்கு ஆள் தேடுவது என்று போனவர்கள். அவர்களிடம் ஆர்வத்துக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. தங்கள் ஊரிலேயே பத்து வருஷமாக ரசாயனம் போடாமல் விளைவித்த ஒருவரின் வரப்பில் ஒரு சம்பா முழுக்க நடந்திருந்தால் நிலம் அவர்களிடமே இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். மூன்று நாள் முகாம் போதாது. தக்கைப்பூண்டு விதைத்து, அது பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுவதிலிருந்து, அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிப்பதுவரை ஒரு சுற்றை முழுசாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். நடவுக்கு முந்திய நாள், நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைக் கேட்டார்: "கூலி வாங்காமயா தம்பி வேலை செய்யிறீங்க?"

"கத்துக்க வந்திருக்கேன்க்கா."

"கத்துக்குங்க. நீங்க சும்மா நட்டா எங்கள்ல ஒரு ஆளு வூட்டுல ஒக்காரணும்ல?"

அவர் நாற்று முடியைக் கட்டி வீசிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து நடுகிறவர். சேற்றில் கால் வைத்ததுமே பரம்பு சரியாக ஓடவில்லை என்று சொல்லக்கூடியவர். நாற்றை இரண்டு விரலால் பிடித்து, வேர் மேல்நோக்கி மடங்காமல் மேலாக வைக்க எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவர் பெயரில் ஒரு குழி நிலம் கிடையாது. என்னை விவசாயி என்று கூப்பிட ஊர் தயாராக இருக்கிறது, அவரை நடவாள் என்றுதான் சொல்கிறது.

அன்று இரவே பண்ணைக்காரரிடம் பேசினேன். அவரும் யோசித்திருக்கவில்லை, ஆனால் உடனே ஒத்துக்கொண்டார். வழக்கமாக வரும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள்; நான் பதின்மூன்றாவது ஆள். களையெடுப்புக்கும் அப்படியே. கற்றுக்கொள்ள வருகிற இளைஞர்களை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி வைத்துக் கூலியை மிச்சம் பிடிக்கிற பண்ணை, மண்ணுக்கு எவ்வளவு நல்லது செய்தாலும் ஊருக்குச் செய்வது நல்லதில்லை. அப்படியோர் இடத்துக்குப் போக நேர்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்: நான் வந்ததால் யார் வரவில்லை?

2023 பிப்ரவரி முதல் வாரம், அறுப்புக்கு நாள் குறித்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற மாப்பிள்ளைச் சம்பா ஒரே இரவில் பாய் விரித்தாற்போலச் சாய்ந்துவிட்டது. உள்ளே தெளித்திருந்த உளுந்து தண்ணீரில் அழுகியது. இயந்திரம் இறங்க வழியில்லை. அந்த அக்காவும் மற்றவர்களும் சாய்ந்த கதிரைத் தூக்கித் தூக்கிக் கையால் அறுத்தார்கள். அடிப்பக்கக் கதிர்களில் நெல் முளைவிட்டிருந்தது. மூட்டத்தில் பார்த்து மகிழ்ந்த அதே வெள்ளைப் புள்ளி.

களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம் பண்ணைக்காரர் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். உழவு, நடவு, அறுப்புக் கூலி, லாரி வாடகை. 100 கிலோ நெல்லை அரைத்தால் 60, 65 கிலோ அரிசி. அதற்கு யார் என்ன விலை கொடுப்பார்கள், யார் கடன் சொல்வார்கள் என்பதுவரை பெயர் வாரியாக இருந்தது. எந்த முகாமிலும் எனக்கு யாரும் அப்படியொரு நோட்டைக் காட்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் அந்த ஆண்டுக்குத் துண்டு விழுந்த தொகையை எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார். "இதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊரில் இரண்டு மா குத்தகைக்கு எடுத்தேன். அந்த ஆவணியில் மழை இருட்டிய இரவுகளில் நான் படுக்கவில்லை. புரட்டாசியில் நடவுக்கு அதே அக்காவைக் கேட்டேன். ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வரப்பில் வைத்திருந்த முடியிலிருந்து ஒரு நாற்றை உருவி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்.

"எத்தினி நாள் நாத்து இது?"

"பதினேழுக்கா."

இன்னொன்றையும் உருவி அலசினார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்.