யாருடைய இலக்கத்தில் நம் கணக்கு?

ஹட்டன் நகரில் உள்ள வாப்பாவின் கடையில் தோட்டத்துக் குடும்பங்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்குவார்கள். சம்பள நாளில் பணம் கட்டுவார்கள். நீளக் கொப்பியில் இருந்த அந்தக் கடன் கணக்கை இரண்டு வருடங்களாக நான் எக்செல் விரிதாளில் எழுதி வருகிறேன். எக்செலுடன் சேர்ந்து இயங்கும் செருகுநிரல் ஒன்று, வீட்டுக்கு ஒரு சீட்டாகப் பிரித்துத் தரும். சீட்டில் தொகை சரியாக இருந்தால்தான் கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் கோணாமல் பேசலாம்.

ஒருமுறை, சம்பளத்துக்கு முதல் நாள், அது மீண்டும் உள்நுழையச் சொன்னது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் திறக்கவில்லை.

இப்படி நேர்ந்தால் பலரும் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள். கோளாறு வேறிடத்திலும் இருக்கலாம். முதலில் கணனியின் திகதியைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காசளவுப் பற்றரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் கணனி ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டும். இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. பழைய வருடத்தில் நிற்கும் கணனிக்கு அது இன்னும் தொடங்காத சான்றிதழ். அதனால் இணைப்பை மறுத்துவிடும். அடுத்து, எக்செல் எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடசாலைக் கணக்கும் சொந்தக் கணக்கும் வெவ்வேறு. மூன்றாவது, செருகுநிரல் தனக்கென ஒரு சிறு சாளரத்தைத் திறக்கும். உலாவியில் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பது அதற்குப் போதாமல் போகலாம். முழுவதும் வெளியேறி, எக்செலை மூடித் திறந்து, மறுபடி நுழைய வேண்டும்.

எங்கள் கணனியில் கோளாறு திகதியில்தான் இருந்தது. அதைத் திருத்தியதும் சாளரம் திறந்தது. ஆனால் தொலைபேசிக்கு அனுப்பிய இலக்கத்தைக் கேட்டது. அது போனது கொழும்பில் வேலை செய்யும் நானாவுக்கு. வேலை நேரத்தில் அவர் போனைத் தொட முடியாது. இரவு எட்டு மணிக்குத்தான் இலக்கம் கிடைத்தது. சீட்டுகள் முடிய நடுநிசி ஆயிற்று.

நானாமீது குறையில்லை. கணக்குத் திறந்தபோது எனக்கெனத் தொலைபேசி இலக்கம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் பகிர்ந்த ஒரே கணனியில் அவரவர் கோப்பை அவரவருக்கே வைத்துக்கொள்ளக் கடவுச்சொல் பயன்பட்டது. இன்று நாம் வேலை செய்கிறோம். சாவி இன்னொருவர் பையில் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் மகளின் மின்னஞ்சலும் வகுப்புக் கணக்கும் வாப்பாவின் அல்லது நானாவின் இலக்கத்தில்தான். அந்தச் சிம் தொலைந்தால் அவளது பாடக் குறிப்புகளும் கைக்கு எட்டாமல் போகும்.

நானாவிடம் சொல்லி, அந்தக் கணக்கில் என் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் சேர்த்தேன். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வாப்பாவின் இரும்புப் பெட்டியில் வைத்தேன். ஊராரின் கடன் விபரம் அந்தக் கணக்கில் இருக்கிறது, அது அமானிதம். அழைத்துக் கேட்பவர் யாராயினும் குறியீட்டைச் சொல்லக் கூடாது.

சகோதரிகளே, உங்கள் கணக்கின் அமைப்பை இன்றே திறந்து, அங்கே யாருடைய இலக்கம் இருக்கிறதென்று பாருங்கள்.