உப்புக் காற்றும் கரண்ட் பில்லும்

மின்சாரச் சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கிறார்கள். தேவையில்லாத விளக்கை அணையுங்கள், ஃபிரிஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்று. சரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எங்கள் பழவேற்காட்டில் ஒரு வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும் சகோதரிகளே, இங்கே வீட்டுச் சாமான்களுக்கு முதல் சத்துரு மறதி அல்ல, உப்பு!

ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர் ஏரி எங்களுடையது. படகில் போகவும், டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கூட்டம் வரும். "ஆஹா, என்ன காற்று!" என்பார்கள். அந்தக் காற்றுதான் ஜன்னல் கம்பியைத் தின்கிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஆகையால் இரும்பின் மேல் படிந்த உப்பு வெயில் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஈரமாகவே இருக்கிறது. துரு பிடிக்கிறது, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. துரு பிடித்த சாமான் வேலை செய்யாமல் நின்றுவிட்டால்கூடத் தேவலை. நிற்காது. அதே வேலைக்கு அதிக கரண்டை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியவும் தெரியாது.

இது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. ஏரியில் இறால் பிடிக்கப் 'பாடு' என்ற முறை உண்டு. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துத்தான் வலை கட்டலாம். பாடு வந்த நாளில் கையில் நாலு காசு புரளும்; இல்லாத நாளில் கடைக்காரரிடம் கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுபோகும். கரண்ட் பில் மட்டும் யாருடைய பாடு என்று பார்க்காமல் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்துவிடும்.

அந்தப் பில்லில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்தது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தைச் சொல்கிறேன். (2024 ஜூலையில் விலை இன்னும் கூடியது, கணக்கு புரிவதற்கு இது போதும்.) 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. சரியாக 500 ஓடினால் மொத்தம் ரூ.1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆகட்டும், அந்த ரூ.2.25 சலுகையே போய்விடும். 101-லிருந்தே ரூ.4.50 போட்டு, 501-வது யூனிட்டுக்கு ரூ.8 சேர்த்து, ரூ.1,958 வரும். ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233! ஒரு நாள் குழம்பு மீனுக்கு ஆகுமே என்று என் ஓரகத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கூட்டுக் குடும்பம், ஒரே மீட்டர், கொழுந்தனார் அறையில் ஏ.சி. கோடையில் எங்கள் மீட்டர் 490, 495 என்று வாசற்படியிலேயே நிற்கும். ஆகவே எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். மீட்டரில் ஓடும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஃபிரிஜ். இருபத்து நாலு மணி நேரமும் ஓடுவது அதுதானே? உறவில் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் பொன்னேரி போன அன்று, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபிரிஜை மட்டும் ஓடவிட்டு ரீடிங் குறித்தேன். ஒரு நாளைக்கு 1.9 யூனிட். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்துக் கருப்புக் கம்பிச் சுருளைப் பார்த்தால், ஒட்டடையும் உப்பும் சேர்ந்து கம்பளி போர்த்தியது போல் இருந்தது. உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடுவது அந்தக் கம்பிதான். அதைப் போர்த்தி மூடினால் மெஷின் ஓயாமல் ஓடத்தானே செய்யும்?

வறட்டுத் துணியால் துடைப்பது எங்கள் ஊருக்கு உதவாது. உப்புத் தேய்ந்து பெயிண்டைக் கீறும், கீறின இடத்தில் துரு புகும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல வீட்டுக் கிணற்றிலும் உப்புக் கரிக்கும் தண்ணீர்தான். அதில் துடைத்தால் உப்பை உப்பால் கழுவின கதை. மழை நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். இப்போது வரும் பல ஃபிரிஜ்களில் கம்பிச் சுருள் வெளியே தெரியாது, பக்கச் சுவருக்குள் இருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதல்லவா, அதுதான். அப்படிப்பட்டதை இரண்டு பக்கமும் நாலு விரற்கடையாவது விட்டு நிறுத்துங்கள்.

கதவு ரப்பரை வெந்நீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கரைத்துத் துடைத்தேன். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது மேல்தட்டில் கட்டும் ஐஸ். கால் அங்குலத்துக்கு மேல் கட்டவிடாதீர்கள். ஐஸ் கூடினால் குளிர் கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது குளிர்ச்சியை மறைக்கும் சுவர். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், ஒட்டிக்கொண்ட இறால் பொட்டலத்தை எடுக்க மீன் கத்தியை விட்டு நெம்பினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே இருந்த கேஸ் அத்தனையும் போயிற்று. ஐஸ் தானாகவே உருக வேண்டும். அவசரமானால் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள்.

மீன் வைப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. வெயிலில் வந்த மீனை அப்படியே ஃபிரிஜில் தள்ளினால் அந்தச் சூட்டையெல்லாம் நம் கரண்ட்தான் இறக்க வேண்டும். இங்கே ஐஸுக்கா பஞ்சம்? தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸோடு ஒரு மணி நேரம் கிடக்கட்டும். பிறகு கழுவி, தட்டையான சின்னச் சின்னப் பொட்டலங்களாக வையுங்கள். ஒரே உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும். எடுக்கும்போதும் பாதியை உருக்கி மீதியை மறுபடி உறைய வைக்கிற கூத்து, மீனும் கெடும்.

இத்தனைக்கும் பிறகு, அடுத்த மாதம் எல்லோரும் திருவொற்றியூர் கோயிலுக்குப் போன நாளில் மறுபடி குறித்தேன். 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் மிச்சம். செலவு ஒரு குடம் மழைத் தண்ணீர்.

ஃபேனுக்கு வருவோம். மற்ற ஊரில் இறக்கையில் தூசு படியும், தட்டினால் போகும். இங்கே உப்பும் தூசும் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தரம் ஈரத் துணி வேண்டும். ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால் ஃபேனையே மாற்றாதீர்கள். பெரும்பாலும் கெபாசிட்டர் தளர்ந்திருக்கும், அது சொற்ப விலைதான். மாற்றியே ஆக வேண்டிய காலம் வந்தால் மட்டும் பி.எல்.டி.சி. ஃபேன் பாருங்கள். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். இது 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். 2011 செப்டம்பரில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மேஜை ஃபேன் கொடுக்கத் தொடங்கியது. அந்த மேஜை ஃபேன் எங்கள் வீட்டில் இன்னும் சுற்றுகிறது. வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுவதோடு சரி.

மிக்ஸியில் கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்பது என்னைக் கேட்டால் வெட்டி வேலை. தினம் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்தான். மோட்டார் எரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் லாபம். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மாவு அடைக்காமல் இருந்தால் போதும். அதைவிட டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கோடு தூங்குகிறதே செட்டாப் பாக்ஸ், அது 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். ராத்திரி சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியை முதலில் கடலைப் பார்த்த சுவரில் மாட்டுவதாக இருந்தார்கள். நான் சண்டை போட்டு மேற்குச் சுவருக்கு மாற்ற வைத்தேன். மாலை வெயில் படும், நிழலுக்கு மேலே ஒரு தகரம் போட்டோம். ஆனாலும் நேரே அடிக்கும் உப்புக்கு வெயில் மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் உள் ஃபில்டரை ஓரகத்தி கழுவுகிறாள். 24 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்று கொழுந்தனாரும் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக சுவிட்ச் போர்டு. பிளக் தொட்டால் சுடுகிறதா, சொருகும்போது சடசடவென்கிறதா? உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது. அந்தச் சூடு நம் காசு, தீப்பிடிக்கவும் வழி. ஈரமும் உப்பும் சேர்ந்தால் சுவரிலும் கரண்ட் கசியும். மெயின் போர்டில் கசிவைக் கண்டால் விழும் சுவிட்ச் ஒன்று இருக்கும், 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தானோடு. இல்லாதவர்கள் முதலில் அதை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தரம் அந்தப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், 'டப்'பென்று விழ வேண்டும். விழவில்லையானால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பில் கட்டுவது நாளைக்கு ஆகட்டும்.