வெள்ளை வளையம்

என் கெக்கோவின் இரண்டு விரல்கள் போனது என்னால்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

லெப்பேர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என வறண்ட நிலங்களில் வாழும் பல்லி. ஆனால் பகலில் அது வெயிலில் கிடப்பதில்லை; பாறை இடுக்கிலும் வளையிலும் ஒண்டிக் கிடக்கும். அங்கே தங்கியிருக்கும் ஈரத்தில்தான் பழைய தோல் இளகிக் கழலும். தொட்டிக்குள் 30, 40 சதவீத ஈரப்பதம் போதும். ஆனால் வளைக்குப் பதிலாக ஒரு மூடிய பெட்டியும், அதற்குள் நனைத்துப் பிழிந்த பாசியும் கட்டாயம் வேண்டும். வைத்திருந்தேன். பாசி காய்ந்தபின் நனைக்கவில்லை. பாலைவனப் பிராணிதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது ரொறன்ரோவின் தை மாதம். வெளியே மைனஸ் 10 பாகை. அந்தக் குளிரில் ஒரு கனமீற்றர் காற்றில் 2 கிராம் சொச்சம் நீராவிக்குமேல் நிற்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடேறினால் 19 கிராம் வரை கொள்ளும். உள்ளதோ அதே 2 கிராம். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு விழுந்துவிடும். என் உதடே வெடித்திருந்தது. தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த மலிவான முள் மானி மட்டும் 40 காட்டியது. அந்த வகை மானி பொய் சொல்லும் என்று வாசித்திருந்தும், எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன்.

கெக்கோ உரித்த தோலைத் தானே தின்றுவிடும். எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று விரல்களை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். பின்னங்கால் விரல்களில் தோல் வெள்ளை வளையமாக நின்றது. இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் விட்டு, பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டியிருந்தால் வந்திருக்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்தேன். அடுத்தடுத்த இரவுகளிலும் அப்படியே. காய்ந்த தோல் இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தியது. விரல்கள் கறுத்தன. "எப்போது கவனித்தீர்கள்?" என்று மிருக வைத்தியர் கேட்டபோது, "இன்றுதான்" என்றேன்.

"அப்பா, வால் மாதிரி விரலும் திரும்ப முளைக்குமா?" என்று கேட்டாள் மகள். முளைக்கும் என்றேன். வால்தான் முளைக்கும், விரல் முளைக்காது. அவளிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.