துணையோடு கற்ற தொழில்

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும் ஒரு தாதியின் சேவைக் கோப்பைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, அவள் பயிற்சி முடித்த நாளும், நிரந்தர நியமனம் பெற்ற நாளும், தரம் உயர்ந்த நாட்களும், ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு மாற்றலாகிச் சென்ற நாட்களும் உரிய முத்திரைகளோடு ஒழுங்காகக் காணக்கிடைக்கும். அவற்றின் பெறுமதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் ஓர் உழைப்பு உண்டு. ஆயினும் ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று கடல் சூழ்ந்த ஊர்களிலே என் தொழிலின் பெரும்பகுதியைச் செய்து முடித்த நான், என் சேவையின் மைல்கற்கள் என்று மனமார எண்ணுகின்றவற்றுள் ஒன்றேனும் அந்தக் கோப்பில் இல்லை. அவை யாவும் மூத்த தாதி ஒருவரின் கையிலிருந்த திறமை என் கைக்கு வந்து சேர்ந்த வேளைகள். அல்லது என் கையிலிருந்தது இளையவள் ஒருத்தியிடம் சென்று சேர்ந்த வேளைகள்.

இந்தத் தொழில் யாழ்ப்பாணத்துக்கு வந்து வேரூன்றிய வரலாறும் ஒருவகையிற் கற்பித்தலின் வரலாறேயாகும். 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு ஐரோப்பிய வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குப் போதித்தார். அவருடைய முயற்சியால் 1857இல் மகப்பேற்று மருத்துவ நூலொன்று தமிழில் அச்சேறியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று இணுவிலில் 1898இல் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலையோ, நோயாளரைத் தொட்டுப் பராமரிக்கும் பணியைக் கௌரவமான தொழிலாக ஏற்றுக்கொள்ள எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் நிறுவிய பயிற்சிப் பள்ளியும், தாதித் தொழிலைப் புத்தகத்தால் மட்டும் கற்பித்துவிடலாமென்று நம்பியதன்று. நோயாளியின் கட்டிலருகே, அனுபவமுள்ள ஒருத்தியின் மேற்பார்வையிற் கற்கவேண்டிய வித்தையென்றே அது கொண்டது. இப்பெரிய உண்மையின் முழுப்பொருளையும் நான் அறிந்துகொண்டது தீவுகளிலேதான்.

தீவிலே தாதியாயிருப்பதென்றால் என்னவென்பதைக் கரையிலிருப்பவர்களுக்குச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். நெடுந்தீவு வைத்தியசாலையில், பவளக் கற்களாற் கட்டப்பட்ட பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கு அணித்தே, இரவுக் கடமையில் இருக்கும் ஒருத்திக்கு, நோயாளியை மேற்கொண்டு அனுப்பவேண்டுமென்று தோன்றினால், முதலில் மாவிலித்துறையிலே படகு வேண்டும். படகு புறப்படக் கடல் இடங்கொடுக்கவேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பிரயாணத்தின்பின் குறிகட்டுவானில் நோயாளர் காவுவண்டி காத்திருக்கவேண்டும். அவ்வண்டி புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் அல்லைப்பிட்டியையும் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியை அடையவேண்டும். சோளகக் காற்று உரத்து வீசும் மாதங்களில் இச்சங்கிலியின் முதற் கண்ணியே அறுந்துபோவதுண்டு. பட்டினத்து விடுதியில் ஒரு மணியை அழுத்தினால் வைத்தியரும் நிபுணரும் ஓடிவருவர். தீவிலோ அழைக்கத்தக்கவர் பெரும்பாலும் பக்கத்து அறையில் உறங்கும் சக தாதி ஒருத்தியே. ஆகையினால் எங்களுக்குத் தோழமை என்பது கடமை முடிந்தபின் அனுபவிக்கும் இன்பமாக மாத்திரம் இருக்கவில்லை. இரத்த அமுக்கமானியும் பிராணவாயு உருளையும் எத்துணை அவசியமோ அத்துணை அவசியமான சாதனமாகவே அது இருந்தது.

நான் புதிதாகத் தீவுக்கு வந்த காலத்தில் என்னை ஏற்றுக்கொண்ட மூத்த தாதியை எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். ஒரு கடமைமுறை முடிந்து அடுத்தவளிடம் நோயாளரை ஒப்படைக்கும் வேளையில் அவர் கடைப்பிடித்த ஒழுங்கு இன்றளவும் என் தொழிலின் இலக்கணமாக இருந்துவருகின்றது. புத்தகத்தை மேசையில் வைத்து வாசித்துவிட்டுப் போக அவர் ஒருபோதும் ஒப்பமாட்டார். ஒவ்வொரு கட்டிலருகிலும் இருவரும் நின்று, இருவரும் தனித்தனியே நாடி பார்த்து, எண்ணிக்கை ஒத்தால் மட்டுமே அடுத்த கட்டிலுக்கு நகரலாம். நான் முதல்நாள் என் ஊகங்களையெல்லாம் கலந்து ஒப்புவிக்கத் தொடங்கியபோது, "பிள்ளை, கண்டதை முதல்லச் சொல்லு, நினைச்சதைக் கடைசியாச் சொல்லு. ரெண்டையும் குழைச்சியெண்டால் வாறவள் உன்ர கண்ணாலதான் பாப்பாள், தன்ர கண்ணால பாக்கமாட்டாள்" என்றார். ஒருத்தியின் எண்ணம் இன்னொருத்தியின் பார்வையை மறைத்துவிடலாகாது என்னும் இந்த நியதியை அதன்பின் எத்தனையோ பயிற்சி நெறிகளில் வெவ்வேறு சொற்களிற் கேட்டிருக்கிறேன். அக்காவின் சொல்லளவுக்கு ஒன்றும் என் மனத்திற் பதிந்ததில்லை.

பாம்புக்கடிக்குள்ளான ஒருவரை எவ்வாறு கவனிப்பதென்பதும் அவரிடமிருந்தே எனக்கு வந்தது. முத்திரைப் புடையனின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும் என்பதைப் படிப்பிலே அறிந்திருந்தேன். அதனைக் கட்டிலருகே கண்டறியும் முறை மிக எளியது. நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்திருந்து, பின் ஒருமுறை சரித்துப் பார்ப்பதே அது. உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்திற் கலந்துவிட்டதென்று பொருள். இவ்வளவு எளிய பரீட்சையிலும் ஓர் அபாயம் மறைந்திருந்ததை அக்காவே காட்டினார். சவர்க்காரம் இட்டுக் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று நம்மை ஏமாற்றிவிடும். பிளாஸ்டிக் குழாயும் உதவாது, ஏனெனில் உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பே. அவர் இதற்கென்றே சில புதுக் குழாய்களைத் துணியிற் சுற்றித் தனியே வைத்திருந்தார். எதிர்மருந்தை ஏற்றும் வேளையிலோ இருவர் தேவை என்பதில் அவர் எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டார். இந்தியாவிலிருந்து வரும் அம்மருந்து உயிரைக் காப்பதாயினும், பலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒருத்தி சொட்டுக்களை எண்ணிக்கொண்டிருக்க, மற்றவள் அட்ரினலினை ஊசியில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு நோயாளியின் முகத்தையும் மூச்சையும் விட்டுக் கண்ணெடாமல் நிற்கவேண்டும். அவ்வாறு நள்ளிரவிலே ஒரு கட்டிலின் இருபுறமும் நின்ற இருவருக்கிடையே உண்டாகும் நம்பிக்கையை வேறெந்த உறவோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

பிரசவ விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த பெருந்துணை குடும்பநல உத்தியோகத்தர்கள். ஊரவர் வாயில் அவர்கள் இன்னும் மருத்துவிச்சி அம்மாமாரே. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட காலந்தொட்டு, வீடு வீடாய்ச் சென்று கர்ப்பிணிகளைக் கண்டறிந்து பராமரித்த இப்பெண்களாலேதான், தாய்மார் மரணம் குறைந்த தேசங்களுள் ஒன்றென்ற மதிப்பை இலங்கை அடைந்தது. தீவுகளில் அவர்கள் நாட்களை எண்ணி, பேறு நெருங்கும் முன்பே தாயைக் கரைக்கு, உறவினர் வீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ அனுப்பி வைப்பார்கள். ஆயினும் நாள் முந்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அத்தகைய ஒரு சோளக இரவில், கடல் படகுக்கு இடங்கொடாமையால், மருத்துவிச்சி அம்மாவும் நானுமாக ஒரு தாயைத் தீவிலேயே பெறுவித்தோம். குழந்தை பிறந்ததும் ஒக்சிற்றோசின் 10 அலகு தசையிற் செலுத்தவேண்டும். அம்மருந்தோ குளிரில் வைக்கப்படாவிடின் வீரியம் இழந்துவிடும். ஆகவே மின்பிறப்பாக்கி நின்றுபோன மாலையிலிருந்தே பனிக்கட்டிப் பெட்டிக்குள் அதைக் காத்து வைத்திருந்தோம். ஊசி போட்டதோடு வேலை முடிந்ததென்று நான் திரும்பியபோது, அம்மா என் கையைப் பிடித்துத் தாயின் அடிவயிற்றில் வைத்து, கர்ப்பப்பை இறுகுவதும் தளர்வதும் எப்படியிருக்குமென்று விரல்களால் உணரச் செய்தார். விடியும்வரை அந்தக் கையை மாறி மாறி வைத்திருந்தோம். நூல்கள் சொல்லும் அளவுகள் எனக்கு முன்பே மனப்பாடம். அன்றிரவுதான் அந்த அறிவு என் விரல்களுக்கு இறங்கி வந்தது.

நோயாளியைப் படகேற்றி அனுப்பும்போதும் நாங்கள் தனித்திருக்கவில்லை. கடற்றூறல் படாதபடி பொலித்தீனில் மடித்த கடிதத்திலே, கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும் எழுதி, நோயாளியின் உடையோடு ஊசிகுத்தி விடுவோம்; குறிகட்டுவானில் அதை வாசிப்பவரும், பெரியாஸ்பத்திரியின் விடுதியில் அதை விரிப்பவரும் எங்கள் முகத்தைக் கண்டறியாதவராயினும், அவ்வெழுத்தின்மூலம் எங்களோடு ஒரே கட்டிலருகே நின்றவராகிவிடுவார். கைத்தொலைபேசி வராத நாட்களில், மறுநாட் படகிலே திரும்பும் படகோட்டியே எங்களுக்குச் செய்தியாளர். "தாயும் பிள்ளையும் சுகமாம் மிஸி, பெரியாஸ்பத்திரி மிஸிமார் சொல்லிவிட்டவை" என்று அவர் கரையிலிருந்தே கூவிச் சொன்ன வார்த்தையைவிடப் பெரிய பதக்கத்தை எந்த அரசாங்கமும் எங்களுக்கு அளித்துவிட முடியாது.

யுத்த காலத்தைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடித்தல் நன்றிகெட்ட செயலாகும். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவு மக்கள் நாளாந்தம் நம்பி ஏறிய குமுதினிப் படகிலே பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். எங்கள் நோயாளர் பயணம் செய்த பாதையே அது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படையினர் புகுந்து சுட்டதில், நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கடமையிலேயே மாண்டனர். மறுநாட் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மூன்று தாதியரோடு கைகளை உயர்த்தியபடி, தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு நடைகூடத்தில் நடந்து வந்தார். அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், தாதியர் காயமுற்றனர். இளந் தாதியராயிருந்த எங்களுக்கு அச்செய்தி பேரச்சத்தைத் தந்தது உண்மையே. அதனினும் மேலாக, அந்த நடைகூடத்தில் எவரும் தனியே நடக்கவில்லை என்பது எங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1990இல் தீவுகளிலிருந்து சனங்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோதும், பாடசாலை மண்டபங்களிலும் மரநிழல்களிலும் காயங்களைக் கழுவிக் கட்டிய தாதியர், ஒருவர் சீருடையை மற்றவர் உடுத்து, ஒருவர் சோற்றை மற்றவரோடு பகிர்ந்து, முறைமாறி உறங்கித் தம் கடமையை நடத்தினர்.

யுத்தம் ஓய்ந்தபின் தெற்கிலிருந்து நியமனம் பெற்று வந்த சிங்களத் தாதியர் சிலர் எங்களோடு பணிசெய்தனர். நயினாதீவில் ஆனி மாதம் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குத் திரளும் அடியார்களையும், நாகவிகாரைக்கு வரும் யாத்திரிகர்களையும் ஒரே முதலுதவி மேசையில் இருந்து நாங்கள் கவனித்தோம். வெயிலில் மயங்கிய சிங்களக் கிழவி சொல்வதில் என்னால் விளங்கிக்கொள்ள முடியாததை அத்தாதியருள் ஒருத்தி கேட்டுச் சொல்வாள். காவடி எடுத்துக் களைத்த தமிழ்ப் பையனிடம் அவள் கேட்க வேண்டியதை நான் கேட்டுக் கொடுப்பேன். நாடியை இருவரும் எண்ணி ஒப்புநோக்கும் அக்காவின் வழக்கத்தை அவளுக்கும் காட்டிக் கொடுத்தேன். அவள் தன் ஊருக்கு மாற்றலாகிப் போனபின்பும் அதனை விடவில்லையென்று எழுதியிருந்தாள்.

இன்று தீவுகளில் ஆட்கள் குறைந்துவருகின்றனர். பயிற்சி பெற்ற தாதியரும் பலர் கடல் கடந்து உத்தியோகம் தேடிச் செல்கின்றனர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மிஞ்சியிருக்கும் தீவு வைத்தியசாலைகளுக்குப் புதிதாய்ப் பயிற்சி முடித்த ஒருத்தியைத் தனியளாக அனுப்பிவிட்டு, வெற்றிடம் நிரம்பியது என்று கணக்கெழுதும் வழக்கத்தை அதிகாரிகள் கைவிடவேண்டுமென்று மாத்திரம் மிகுந்த விநயத்தோடு கேட்டுக்கொள்கிறேன். சிறப்புப்படியும் விடுதி வசதியும் அவசியமே. அவற்றுக்கு முன்னதாக, அனுபவம் வாய்ந்த ஒருத்தி அவளோடு சில மாதங்களேனும் ஒரே கடமைமுறையில் நிற்கும்படி நியமனம் அமையவேண்டும். கண்ணாடிக் குழாயைச் சவர்க்காரமின்றிக் கழுவும் கையும், அடிவயிற்றின் இறுக்கத்தை உணரும் விரலும், கண்டதையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்லும் நாவும் சுற்றறிக்கைமூலம் தீவுக்கு வந்து சேரமாட்டா. அவற்றை அறிந்த ஒருத்தி, அறியாத ஒருத்தியின் பக்கத்தில் நின்றே கொடுக்கவேண்டும். அப்படி எனக்குக் கொடுத்தவர்களுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.