பேய்க்கோயிலை இடித்தவர் வழியில்

எங்கள் ஊர்க் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஆண்டுதோறும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேச்சு. அப்பா கும்பிட்ட சாமியை விட்டுவிட்டு வந்தவர் அவர். என் தாத்தாவுக்குத் தாத்தா. ஊரில் முதன்முதலாக வேதத்தில் சேர்ந்த சில குடும்பங்களில் ஒன்று அவருடையது. சேர்ந்த கையோடு பனங்காட்டு ஓரத்தில் இருந்த சுடலைமாடன் பீடத்தை மண்வெட்டியால் கொத்திச் சரித்தாராம். அதே இடத்தில்தான் ஓலை வேய்ந்த முதல் ஜெபவீடு எழுந்ததாம். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். ஐயர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கதை மாறாது. ஆளுக்கு ஒரு வெட்டு கூட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் கோயிலில் உள்ளவர்கள் எங்கள் வீட்டு ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் நான் முதுகை நிமிர்த்திக்கொள்வேன்.

ஊர் தேரிக்காட்டின் விளிம்பில் இருந்தது. செம்மணல் மேட்டில் ஏறி நின்றால் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் தெரியும். 192 அடி. வேல்ஸ் தேசத்திலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் காலத்துக் கோயில். பஸ் ஏறி எந்தத் திசையில் போனாலும் ஊர்ப்பெயரே பிரசங்கம் பண்ணும்: நாசரேத், பிரகாசபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம். ஓய்வுநாள் பள்ளியில் அந்த ஊர்களின் கதைகளையும் வேதபாடத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன முதலூர், சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் உண்டாக்கிய ஊர். இப்படி விரட்டப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்காகவே பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயர் 1830இல் தரும சங்கம் தொடங்கினார். பாடப் புத்தகத்தில் வந்த ஆபிரகாமும் தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். ரூத்தும் தன் ஜனத்தையும் தன் தெய்வங்களையும் விட்டுவிட்டு மாமியார் பின்னால் போனவள். படமாக ஒட்டிக் காட்டிய ஆட்களில் பாதிப்பேர் எதையாவது விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள்தான். பிறந்த வீட்டுத் தெய்வத்தோடு கடைசிவரை இருந்த ஒருவரைக்கூட எனக்கு நல்லவராகக் காட்டியதாக ஞாபகம் இல்லை.

தாத்தா உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சாமி எங்கும் நிறைந்திருந்தார், அடுக்களையிலும். உலை வைக்கும்போது ஆச்சி அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். அது காணிக்கை அரிசி. அரிசி குறைவாக இருந்த நாட்களில் அந்தப் பிடி சிறுக்கும், ஆனால் போடாமல் இருந்ததில்லை. முருங்கை முதல் காய்ப்பு, கோழி இட்ட முதல் முட்டை, பூசணி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கண்ணீரோடு ஜெபம் பண்ணிய பெரியப்பா ஒரு சேவலுக்காக மச்சான் முறைக்காரரோடு விலையேற்றிச் சண்டை பிடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். எங்கள் பூசணி ஒருமுறை யாரும் கேட்காமல் போய், தாத்தாவே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிவந்தார். ஆச்சி வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். தாத்தாவின் ஜெபம் நீளம். அரசாங்கத்தில் தொடங்கி, மிஷனெரிமார், பேராயர், மழை, வியாதியஸ்தர் எல்லோரையும் சுற்றிக்கொண்டு கடைசியில்தான் வீட்டுக்கு வரும். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையாக இருக்கும், நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். முதலில் வெறும் விளையாட்டு. அப்பாவின் உதடு மட்டும் அசைவது, சித்தி ஓரக்கண்ணால் அடுப்பைப் பார்ப்பது, தம்பி தூங்கிச் சாய்வது எல்லாம் தெரிந்தது. பிறகு ஒருநாள், இந்த அறையில் நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. வேறு யாரும் இல்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருக்க வேண்டும். வரவில்லை. பசிதான் வந்தது. நம்பிக்கை போன கதையை அடியோ அவமானமோ காதலோ வைத்துச் சொல்வது வழக்கம். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. பெரியார் புத்தகம் கையில் கிடைத்ததுகூட கல்லூரிக்குப் போன பிறகுதான்.

இடிபட்ட மாடனுக்கு ஒரு பின்கதை உண்டு. அதைக் கோயிலில் சொல்ல மாட்டார்கள். தாத்தாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி. அவர் வேதத்தில் சேரவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு, தேரிக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் தள்ளிப் போய்க் குடியிருந்தார். அங்கே பீடத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஆண்டுதோறும் அங்கே கொடை நடக்கும். ராத்திரி வில்லுப்பாட்டும் மேளமும் மணலைத் தாண்டிக் காற்றில் வரும். ஆச்சி ஜன்னலைச் சாத்துவாள். நான் பாயில் படுத்து, சாத்திய ஜன்னலில் காதை வைத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெரியம்மை ஒருத்தி தூக்குவாளியில் கிடாக்கறி கொண்டுவருவாள். படைத்த சோற்றை நாங்கள் தொடக்கூடாது. அதனால் வாசலில் நின்றே சொல்வாள்: "மைனி, இது படைக்கதுக்கு முன்னாடியே எடுத்து வச்சதாக்கும்." ஆச்சி வாங்கிக்கொள்வாள். கிறிஸ்மஸுக்கு அதே தூக்குவாளியில் முறுக்கும் அதிரசமும் திரும்பிப் போகும். முன்னாடியே எடுத்து வைத்ததுதானா என்று ஆச்சி ஒருநாளும் விசாரித்ததில்லை.

விட்டுப் போவது அதோடு முடிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. கால்டுவெல் ஐயர் 1849இல் எங்கள் சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் மனம் புண்பட்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்காரர் சபையே வேண்டாம் என்று 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், யூதர் முறைப்படி பண்டிகைகள். ஆச்சியின் தாய்மாமா வீடு அந்த வழியில் போனது. என் காலத்திலோ அத்தை பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு எடுத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெள்ளைச் சேலையில் நின்றாள். அன்றைக்கு வீட்டில் விழுந்த இழவு பின்னால் எனக்காகக்கூட விழவில்லை. குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்தது செல்லாதா என்று தாத்தா கத்தினார். நகை போனதே என்று ஆச்சி அழுதாள்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது திடப்படுத்தல் வகுப்பு வந்தது. பேராயர் வந்து தலையில் கைவைத்த பிறகுதான் திருவிருந்து எடுக்கலாம். விசுவாசப்பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைப் பாவாடைத் தாவணிக்குத் துணிகூட எடுத்தாகிவிட்டது. ஒரு சாயங்காலம் திண்ணையில் தாத்தா தனியாக இருந்தார்.

"தாத்தா, அவுக அப்பா அழுதிருப்பாகளா?"

"எவுக?"

"மாடன் பீடத்த இடிச்சவுக அப்பா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அழத்தான் செஞ்சிருப்பாக."

"பாவம்லா?"

"பாவந்தான். அதுக்காவ? உண்மைன்னு பட்டதுக்கு அப்புறம் அப்பன் அழுதான்னு நிக்க முடியுமாட்டி?"

அதற்குமேல் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது கொஞ்சம்தான். சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தடவவில்லை. "எந்திரிச்சு உள்ள போ" என்றார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. குடும்ப ஜெபத்தில் வியாதியஸ்தர் வரிசையில் என் பெயர் சேர்ந்தது. ஆச்சி மட்டும்தான் வாதம் பண்ணினாள், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே. "அவரு ஒரு சாமிய விட்டு இன்னொரு சாமிகிட்ட போனாரு. நீ எங்கட்டி போற?"

நாத்திகம் பேசும் நண்பர்களிடம் பிற்காலத்தில் எத்தனையோ வாதங்கள் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஈடாக ஒன்று கிடைக்கவில்லை. அன்றைக்குப் பதில் தெரியாமல் கழுவிய சட்டியை வாங்கிக் கவிழ்த்தேன். இன்றைக்குச் சொல்வதென்றால், எங்கும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன் என்று சொல்லலாம். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

திருவிருந்து ஞாயிறுகளில் வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். என் வயதுப் பிள்ளைகள் போய்த் திரும்புவார்கள். நான் சின்னக் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஊருக்கு எதையும் வாயால் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கல்லூரி, வேலை, சென்னை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம், முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி. 2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் என் பெயரைக் கேட்டதுமே எழுத ஆரம்பித்துவிட்டார். இல்லை என்றேன். "அப்ப இந்துவா?" என்றார். அதுவும் இல்லை என்றதும், வெயிலில் நடந்து வந்த மனிதரிடம் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். மதம் சொல்லாதவர்கள் என்று அந்தக் கணக்கில் சுமார் 29 லட்சம் பேர் வந்தார்கள். நான் அவர்களில் ஒருத்தியாக எழுதப்பட்டேனா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

போன வருஷம் கோயில் பிரதிஷ்டைக்கு மலர் போட்டார்கள். முதல் குடும்பங்களைப் பற்றி எழுத ஊரில் ஆள் இல்லை, நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்று ஐயர் போன் பண்ணிக் கேட்டார். இளம் வயதுக்காரர், நல்ல மாதிரி. எழுதினேன். தேரிக்கு அந்தப் பக்கம் போன தகப்பனையும் தம்பியையும், திரும்பக் கட்டிய பீடத்தையும் சேர்த்தே எழுதினேன்.

"அக்கா, அந்தக் கடைசிப் பாரா நம்ம மலருக்கு எதுக்கு?" என்றார்.

"அது இல்லாட்டி என் கட்டுரையே வேண்டாம், ஐயா."

கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். எப்படியோ பாரா தப்பித்தது. மலர் தபாலில் வந்தது. கட்டுரைக்குக் கீழே என் பெயர், அதற்கும் கீழே 'சபை அங்கத்தினர், சென்னை' என்று போட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் தள்ளி, அசனத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பட்டியல். என் பெயருக்கு எதிரே 25 கிலோ என்று இருந்தது. நான் கொடுத்தது 50. அதற்குத்தான் போன் பண்ணினேன்.