கில் என்றால் கொல் மட்டுமல்ல

லினக்ஸில் 'கில்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பேரன் முதன்முதலில் அதைத் தட்டிக் காட்டியபோது, "ஏன்டா, இதுக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டேன். "பேருதான் தாத்தா அப்படி. அது செய்யறது தபால் வேலை" என்றான். படிக்கப் படிக்கத்தான் அவன் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

கணினி அவனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. ஆரம்ப காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே இருக்கும். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை. நம்மைப் போன்ற வேலையற்றவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் லினக்ஸ் ஒரு எண் கொடுக்கிறது, நாம் கோப்புக்கு நடப்பு எண் போட்டதைப் போல. அந்த எண்ணுக்கு ஒரு சிறு சீட்டு அனுப்பலாம். அதைத்தான் சிக்னல் என்கிறார்கள். சீட்டில் கடிதம், விளக்கம் எதுவும் கிடையாது, வெறும் எண்தான். வழக்கமான சிக்னல்கள் 31. எண் 1 என்றால் 'லைன் போய்விட்டது' என்று பொருள். டெலிபோன் கம்பி வழியாகக் கணினியோடு பேசிய காலத்தில் ஏற்பட்டது, இன்றும் அதே பெயரில் இருக்கிறது. எண் 2, நாம் கன்ட்ரோல்-சி அழுத்தினால் போவது. எண் 15, 'முடித்துக்கொண்டு கிளம்பு'. எண் 9, கேள்வி கேட்காமல் தீர்த்துக்கட்டுவது. கில் என்று தட்டி எந்த எண்ணும் சொல்லாவிட்டால் போவது 15 தான். பெயர் கொலையானாலும் அதன் இயல்பு நோட்டீஸ் கொடுப்பதே.

இந்த வித்தியாசத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 'நானோ' என்று ஒரு சிறிய எழுதி இருக்கிறது. அதில் நாலு வரி தட்டிவிட்டுச் சேமிக்காமல் வைத்தேன். இன்னொரு ஜன்னலிலிருந்து அதற்கு 15 அனுப்பினேன். அது உடனே, எழுதியதையெல்லாம் 'சேவ்' என்ற வால் சேர்த்த ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. மறுபடி நாலு வரி தட்டி, இந்த முறை 9 அனுப்பினேன். நாலு வரியும் போயே போச்சு.

நானோ ஏன் அப்படி நடந்துகொண்டது? '1, 15 வந்தால் இதைச் செய்' என்று அதை எழுதியவர்கள் முன்கூட்டியே ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஹேண்ட்லர். எழுதி வைக்காத புரோகிராமுக்கு 15 வந்தால் அது அப்படியே சாகும். சீட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். வாங்குகிறவன் வீட்டில் ஏற்பாடு இருந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹேண்ட்லரில் என்ன எழுதலாம் என்பதற்கும் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சிக்னல் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. புரோகிராம் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது வரும். ரொக்கப் புத்தகத்தில் தொகையின் பாதி இலக்கம் எழுதியிருக்கிறோம், அப்போது பியூன் அவசரச் சீட்டோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை அப்படியே விட்டு அதே புத்தகத்தில் வேறு பதிவு போட்டால் கூட்டல் நாசம். தெரிந்த குமாஸ்தா என்ன செய்வார்? சீட்டை வாங்கி மேஜை ஓரத்தில் பேப்பர் வெயிட்டின் அடியில் வைப்பார். கையிலிருக்கும் வரியை முடிப்பார். பிறகு சீட்டைப் பார்ப்பார். ஹேண்ட்லரும் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். 'சிக்னல் வந்தது' என்று ஒரு அடையாளம் மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மீதியை முதன்மை வேலை ஒரு சுற்று முடிந்து, தானே அந்த அடையாளத்தைப் பார்த்துச் செய்யும். ஹேண்ட்லருக்குள் பெரிய வேலையை நுழைத்தால் என்றைக்காவது ஒரு நாள் தொங்கிப்போகும், எதனால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இன்னொன்று. முன்பு வந்த சீட்டை வாங்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போது அதே எண் மூன்று முறை வந்தாலும், கணக்கில் ஒன்றுதான். நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சொருகி ஒரே பதில் போடுவோமே, அதே கதை!

9-க்கு ஹேண்ட்லர் எழுத முடியாது. அது புரோகிராமின் கைக்கே போகாது. கெட்டுப்போய் எதையும் கேட்காமல் நிற்பதை அடக்க அப்படி ஒன்று வேண்டியதுதான். ஆனால் பேரனும் அவன் நண்பர்களும் எடுத்த எடுப்பிலேயே 9 போடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கணினியை அணைக்கும்போது அந்த இயந்திரமே என்ன செய்கிறது? எல்லாருக்கும் முதலில் 15 அனுப்பி, கொஞ்சம் பொறுத்து, போகாமல் இருப்பவர்களுக்குத்தான் 9 அனுப்புகிறது. இப்போதைய லினக்ஸ்களில் பல 90 விநாடி வரை கூடக் காத்திருக்கும்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் 'ப்ரெவ்னீர்' என்ற சொல்லுக்கு முன்கூட்டிச் சொல்வது என்றும் பொருள், கேடு வராமல் தடுப்பது என்றும் பொருள். 15-க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கிளைக்கதை. ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பெற்றெடுக்கலாம். பிள்ளை இறந்தால் பெற்றவருக்கு 17-ஆம் எண் சீட்டு வரும். பெற்றவர் வந்து கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். முடிக்காவிட்டால் பிள்ளை பேயாகப் பட்டியலில் நிற்கும். ஏற்கெனவே செத்ததற்கு 9 அனுப்பியும் பயனில்லை. பெற்றவரும் போய்விட்டால், பொதுவாக எண் 1 உள்ள புரோகிராம் அதைத் தத்தெடுத்துக் கரையேற்றும். தை 5-ஆம் நாள் நம் ஊர் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும் அண்ணாமலையார், பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்குத் தாமே மகனாகி மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார் அல்லவா? எண் 1 எனக்கு அவரைத்தான் நினைவூட்டுகிறது, உறவு முறை மட்டும் தலைகீழ்.

ஆறு என்றதும் 2024 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் 2-ஆம் தேதி விடியற்காலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை போனது. தென்பெண்ணைக் கரை நான்கு மாவட்டங்களில் மூழ்கியது. முறையாக எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. கொடுக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். பல நாள் அதே பேச்சு. சீட்டு அனுப்பியதா இல்லையா என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. 15-க்கும் 9-க்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்பது அனுப்புகிறவர் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நள்ளிரவில் போன் அலறினால் எந்தப் பக்கம் போவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, மாட்டை யார் அவிழ்ப்பது என்று எத்தனை வீடுகளில் பேசி வைத்திருந்தோம்?

எங்கள் வீட்டில் இப்போது பேசி வைத்திருக்கிறோம். பட்டா, குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன. பை மருமகள் பொறுப்பு. மாடு மகன் பொறுப்பு. அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது பேரன். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசலில் வந்து நிற்பது. வேறு எதையும் தொடக் கூடாதாம்.